மூடப்பட்ட நிறுவனத்தின் பழைய மேண்டலினை வாங்குவது எப்படி: எதை முதலில் சோதிப்பது, எதைக் கடைசியில் கேட்பது

பழைய மேண்டலின் வாங்கச் செல்பவர்கள் பெரும்பாலும் முதலில் அதைக் கையில் எடுத்து நான்கு சுரம் மீட்டிப் பார்க்கிறார்கள். ஒலி இனிமையாக இருந்துவிட்டால் மனம் அங்கேயே சாய்ந்துவிடுகிறது. அதன்பிறகு கண்ணில் படுகின்ற ஒவ்வொரு குறைக்கும் மனமே ஒரு சமாதானத்தைத் தேடிக்கொள்கிறது. என் முதல் மேண்டலினை நான் அப்படித்தான் வாங்கினேன். மூன்று மாதத்தில் கழுத்து உடலோடு சேரும் இடம் வாய் பிளந்தது. அதைச் செப்பனிடக் கேட்ட தொகை, கருவிக்கு நான் கொடுத்த விலையைவிட அதிகம்.

இயங்கிக்கொண்டிருக்கும் நிறுவனத்தின் கருவியானால் அந்த மாதிரிக்குரிய பாகத்தைக் கேட்டு எழுதலாம், வரிசை எண்ணைக் கொடுத்து விவரம் பெறலாம். நிறுவனம் மூடப்பட்டுவிட்டால் அந்த இரண்டு கதவுகளும் இல்லை. எனவே சரிசெய்ய இயலாதவற்றை முதலிலும், செலவழித்தால் சரியாகக்கூடியவற்றை அடுத்தும், ஒலியைக் கடைசியிலும் சோதிக்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன. ஒன்றில் கருவி தோற்றால் அடுத்ததற்குப் போக வேண்டியதில்லை.

1. எந்த இசைக்காக என்பதை முடிவு செய்யுங்கள்

வழக்கமான மேண்டலினில் எட்டுத் தந்திகள் இரண்டிரண்டாக நான்கு சோடிகளாக இருக்கும். கீழிருந்து மேலாக ஜி, டி, ஏ, இ என்று சுருதி சேர்க்கப்படும். கர்நாடக இசைக்காக வாங்குபவர்கள் இங்கேயே சற்று நிற்க வேண்டும். மேண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் வாசித்துப் புகழ்பெற்றது ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட மின் மேண்டலின். அந்த நாதத்தை மனத்தில் வைத்துக்கொண்டு எட்டுத் தந்திப் பழங்கருவியை வாங்குபவர், சோடித் தந்திகளை இழுத்துக் கமகம் எழுப்ப முயலும் முதல் நாளிலேயே ஏமாற்றம் அடைவார்.

திரைப்பாடல், மேற்கத்திய இசை, சேர்ந்திசை ஆகியவற்றுக்கு எட்டுத் தந்திக் கருவி மிகப் பொருத்தம். கர்நாடக இசைக்கும் அதையே பயன்படுத்துவதானால், ஐந்து கட்டையில் ச-ப-ச-ப என்று, அதாவது ஜி, டி, ஜி, டி என்று சேர்ப்பது பழங்கருவிக்குப் பாதுகாப்பானது. மேலிரண்டு சோடிகளும் ஒரு முழுச் சுரம் இறங்குவதால் அவற்றின் இழுவிசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அதைவிட உயர்ந்த சுருதிக்கு அதே தந்திகளை முறுக்கி ஏற்றக் கூடாது.

உடலமைப்பையும் இப்போதே தேர்ந்துகொள்ளுங்கள். வீணைக் குடத்தைப் போல் முதுகு வளைந்த பழைய இத்தாலிய வகை மடியில் வழுக்கும், மெல்லிய தந்திகளையே தாங்கும். தட்டை முதுகுள்ள வகை எளியது, உறுதியானது. வயலினைப் போல முகப்பலகை குடைந்து செதுக்கப்பட்ட வகைதான் விலை கூடியது.

2. பையில் எடுத்துச் செல்ல வேண்டியவை

அரை மில்லிமீட்டர் கோடுகள் உள்ள முப்பது சென்டிமீட்டர் எஃகு அளவுகோல், சிறிய கைவிளக்கு, பல் மருத்துவர்கள் வைத்திருப்பது போன்ற வளைகழுத்துக் கண்ணாடி, சுருதி பார்க்கும் செயலி நிறுவிய கைப்பேசி, சாதாரண வெள்ளைத்தாள் இரண்டு. இவ்வளவே போதும். தாள் எதற்கு என்றால், ஒரு தாளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், கழுத்தின் வளைவை அளக்க அதைவிட மலிவான கருவி கிடையாது. சிங்கப்பூரின் ரயில், பேருந்துப் பயண அட்டையான ஈஸிலிங்க்கை வைத்து அளப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அட்டை முக்கால் மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அது நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் கழுத்து ஏற்கெனவே கெட்டுவிட்டது என்று பொருள்.

3. பெயரை நம்பாமல் தொழிற்சாலையை உறுதிசெய்யுங்கள்

நிறுவனம் மூடப்படுவதும் அதன் பெயர் மறைவதும் ஒன்றல்ல. சிகாகோவில் 1892-இல் தொடங்கிய ஹார்மனி 1975-இல் மூடப்பட்டது. பெயர் விற்கப்பட்டு, பிறகு ஆசியாவில் செய்த கருவிகளின் தலையிலும் அதே எழுத்து ஏறியது. 1970-களின் நடுவில் நொடித்துப்போன ஜெர்மனியின் ஃபிராமஸ் என்ற பெயரை 1995-இல் வேறொரு நிறுவனம் மீட்டெடுத்தது. சுவீடனின் லெவின் 1973-இல் அமெரிக்காவின் மார்ட்டின் கைக்கும், மொன்டானாவின் ஃபிளாட்அயர்ன் 1987-இல் கிப்சன் கைக்கும் போயின. ஆகவே தலைப்பகுதியில் உள்ள பெயர், கருவி எந்தக் காலத்தது என்பதைச் சொல்லாது.

விற்பவரிடம் முன்கூட்டியே ஐந்து படங்கள் கேளுங்கள்: முழு முகப்பு, முதுகு, ஒலித்துளை வழியே உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டு அல்லது முத்திரை, கழுத்து உடலோடு சேரும் இடம், மேசைமேல் கிடத்தி பக்கவாட்டில் எடுத்த படம். பழைய ஹார்மனி கருவிகள் பலவற்றில் உள்ளே ஓர் எழுத்தும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் மையில் குத்தப்பட்டிருக்கும். ஐந்தாவது படத்தை அனுப்பத் தயங்குபவரிடம் போக வேண்டாம் என்பது என் அனுபவம். குறை இருப்பது பெரும்பாலும் அந்தக் கோணத்தில்தான் தெரியும்.

கூடவே ஒரு வேண்டுகோளும் வையுங்கள்: சந்திப்பதற்கு ஒரு நாள் முன்பே கருவியை முழுச் சுருதிக்கு ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். தந்திகள் தளர்ந்திருக்கும் கழுத்து நேராகத்தான் தெரியும். இழுவிசையில் அது எப்படி வளைகிறது என்பதே நமக்கு வேண்டிய செய்தி. "தந்தி அறுந்துவிடும்" என்று மறுத்தால், புதுத் தந்திக் கட்டு ஒன்றை நீங்கள் தருவதாகச் சொல்லுங்கள்.

4. சந்திக்கும் இடம்

பழைய பொருள் விற்கும் கேரோசல் செயலியில் பேசி முடித்து எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் கைமாற்றிக்கொள்வது நம் வழக்கம். மேண்டலினுக்கு அது ஒத்துவராது. முகப்பலகையை உள்ளிருந்து தாங்கும் உட்கட்டை தளர்ந்திருந்தால், அதன் அதிர்வு இரைச்சலில் காதில் விழாது. நின்றுகொண்டே அளவெடுக்கவும் இயலாது. விற்பவரின் வீடு சிறந்தது. இல்லையெனில் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள கல்மேசை போதும். மாலை வெளிச்சம் குறைந்த நேரமானால் இன்னும் நல்லது, காரணம் ஆறாவது படியில் வருகிறது.

5. கழுத்து

மற்ற எல்லாப் படிகளையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. இருபது நிமிடம் ஒதுக்குங்கள்.

முதலில் வளைவு. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளே மெட்டுகள். ஒரு தந்தியை முதல் மெட்டிலும், கழுத்து உடலோடு சேருமிடத்து மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். அழுத்திய தந்தியே நேர்கோடாகிவிடும். நடுவில், ஆறு ஏழாம் மெட்டுகளின் மேல், தந்திக்கும் மெட்டுக்கும் இடையே ஒன்றிரண்டு தாள் நுழையும் இடைவெளி இருக்கலாம். நான்கைந்து தாள் நுழைந்தால் கழுத்து முன்னோக்கி வளைந்திருக்கிறது. கழுத்துக்குள் இரும்புக் கம்பி வைத்து முறுக்கிச் சரிசெய்யும் ஏற்பாடான ட்ரஸ் ராட் இருந்தால் இதைத் திருத்தலாம். பழைய குடமுதுகுக் கருவிகளில் பெரும்பாலும் அது கிடையாது. ட்ரஸ் ராட் இருந்தாலும் அதை அங்கேயே திருகிப் பார்க்காதீர்கள். துருப்பிடித்த திருகாணி உடைந்தால் பழி உங்கள் மேல் விழும்.

அடுத்து கோணம். புதியவர்கள் வளைவையும் கோணத்தையும் குழப்பிக்கொள்கிறார்கள். கழுத்து நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தும், உடலோடு சேரும் இடத்தில் முன்னோக்கிச் சாய்ந்திருக்கலாம். ட்ரஸ் ராடால் இதைத் திருத்தவே முடியாது; கழுத்தைக் கழற்றி மீண்டும் பொருத்த வேண்டும். இதைக் கண்டறியும் கணக்கு எளியது. பன்னிரண்டாம் மெட்டின் மேல் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்துகொள்ளுங்கள்; இரண்டு மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்லது. அந்த இடம் தந்தியின் சரிபாதி என்பதால், அங்கே ஒரு மில்லிமீட்டர் குறைய வேண்டுமானால் முகப்பலகைமேல் நின்று தந்திகளைத் தாங்கும் குதிரையை இரண்டு மில்லிமீட்டர் இறக்க வேண்டும். குதிரையில் அவ்வளவு இறக்கம் மிச்சமிருக்கிறதா என்பதே கேள்வி.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எனக்குத் தெரிந்த ஓர் இளைஞரோடு யீஷூனில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் போயிருந்தேன். விற்க வந்த பெரியவர், தம் மறைந்த அண்ணன் இசைக்குழுவில் வாசித்த கருவியைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். துணியை விலக்கியதும் இளைஞரின் கண் அதன் தேன்நிற மெருகில் ஒட்டிக்கொண்டது. நான் அளவுகோலை வைத்தேன்: பன்னிரண்டாம் மெட்டில் 3.5 மில்லிமீட்டர். அதை 2-க்குக் கொண்டுவரக் குதிரை 3 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். குதிரையின் இரு பக்கத் திருகு வளையங்களும் ஏறக்குறைய அடியைத் தொட்டிருந்தன; ஒரு மில்லிமீட்டர்தான் மிச்சம். குதிரையின் மேல்துண்டைத் தேய்த்தால் இன்னொன்று கிடைக்கலாம். எல்லாம் செய்தாலும் 2.5-இல்தான் நிற்கும்.

"அண்ணே, சவுண்டு இவ்வளவு நல்லா இருக்கே" என்றார் இளைஞர். பெரியவர்தான் முந்திக்கொண்டார்: "தம்பி, அவர் கடைசி நாலஞ்சு வருஷம் விரல் வலிக்குதுன்னே இதை எடுக்கல." அந்த ஒரு வாக்கியத்தில் கணக்கு முழுவதும் இருந்தது. இளைஞர் வாங்கவில்லை.

கடைசியாக, கழுத்தின் அடிப்பகுதி உடலைத் தொடும் கோட்டில் தாளின் ஓரத்தைச் செருகிப் பாருங்கள். எங்காவது உள்ளே போனால் இணைப்பு பிளந்திருக்கிறது. பழங்கருவிகளைத் தச்சர்கள் பயன்படுத்தும் வச்சிரம் போன்ற தோல் பசையால் ஒட்டினார்கள். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது இளகும். வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் ஒரே பிற்பகல் கிடந்தாலும் போதும்.

6. முகப்பலகையும் உடலும்

மேண்டலினின் முகப்பலகை மெல்லியது. எட்டுத் தந்திகளின் அழுத்தத்தையும் குதிரையின் வழியாக அது தாங்குகிறது. கருவியைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி வால்பக்கத்திலிருந்து பாருங்கள். குதிரையின் அடியில் பள்ளம் தெரிந்தால் உட்கட்டை தளர்ந்திருக்கும் அல்லது விரிசல் இருக்கும். ஆனால் குடமுதுகு வகையில் குதிரைக்குச் சற்றுப் பின்னே முகப்பலகை வேண்டுமென்றே மடித்து வளைக்கப்பட்டிருக்கும். அதைப் பழுது என்று எண்ணி விலை பேசி அசடு வழிந்தவர்கள் உண்டு.

விளக்கை ஒலித்துளைக்குள் வைத்து எரியவிட்டு, மங்கிய வெளிச்சத்தில் வெளியிலிருந்து பாருங்கள். மரத்தை ஊடுருவிய விரிசல்கள் கோடாக ஒளிரும். மாலை நேரம் நல்லது என்றது இதற்காகத்தான். பிறகு விரல் முட்டியால் முகப்பையும் முதுகையும் அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் சரசரப்புக் கேட்டால் உள்ளே ஏதோ ஒட்டு விட்டிருக்கிறது. வளைகழுத்துக் கண்ணாடியில் குண்டூசித் துளைகளும் மாவுபோன்ற தூளும் தெரிந்தால் மரத்தைப் பூச்சி அரிக்கிறது. அந்தக் கருவியை வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம். மட்கிய வாடை மட்டும் என்றால் அஞ்ச வேண்டியதில்லை, காற்றோட்டத்தில் போகும்.

விரிசல் இருந்தாலே விலகிவிட வேண்டும் என்பதில்லை. முறையாக ஒட்டி உள்ளே சிறு மரத்துண்டு வைத்துத் தாங்கிய பழைய விரிசல், ஒட்டாத புது விரிசலைவிட எவ்வளவோ மேல்.

7. குதிரையும் சுருதிச் சுத்தமும்

மேண்டலினின் குதிரை ஒட்டப்படுவதில்லை. தந்திகளின் அழுத்தத்திலேயே நிற்கிறது. துடைக்கும்போது நகர்ந்திருக்கலாம். எனவே மேல் மெட்டுகளில் அபசுரம் கேட்டவுடன் கருவியைக் குறை சொல்லாமல், தந்தி தொடங்கும் மேற்கட்டையிலிருந்து பன்னிரண்டாம் மெட்டு வரை அளந்து, அதே அளவு அங்கிருந்து குதிரை வரை இருக்கிறதா என்று பாருங்கள். குதிரை சற்றே கூடுதல் தூரத்தில் நிற்பது சரி. இன்றைய வழக்கமான அளவில் முதல் பாதி ஏறக்குறைய 176 மில்லிமீட்டர். குதிரை சரியான இடத்தில் நின்றும் பன்னிரண்டாம் மெட்டுச் சுரம் செயலியில் விலகினால், முதலில் புதுத் தந்தி போட்டு மீண்டும் பார்க்க வேண்டும். துருப்பிடித்த தந்தி எந்தக் கருவியிலும் பொய் சொல்லும்.

8. கிடைக்காத பாகங்கள்

நிறுவனம் மூடப்பட்டதன் விலையை நாம் இங்கேதான் செலுத்துகிறோம். முறுக்காணிகள் பக்கத்துக்கு நான்காக ஒரே தகட்டில் அமைந்திருக்கும். ஒன்று பழுதானாலும் தகட்டையே மாற்ற வேண்டும். தண்டுகளுக்கிடையே உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். ஏறக்குறைய 23 மில்லிமீட்டர் என்றால் இன்று விற்கும் தகடு பொருந்த வாய்ப்பு உண்டு. வேறு அளவானால் மரத்தில் புதுத் துளை போட நேரும். எட்டு ஆணிகளையும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பல் தேய்ந்தது குதித்துக் காட்டிவிடும்.

தந்திகளின் வால்முனை கொக்கியில் மாட்டும் வளையமாக இருக்க வேண்டும். கடையில் குண்டுமுனைத் தந்தி மட்டுமே கிடைத்தால், குண்டை இடுக்கியால் மெதுவாக நசுக்கி எடுத்துவிட்டால் வளையம் மிஞ்சும்.

பழைய செல்லுலாய்டு பாகங்களை முகர்ந்து பாருங்கள். ஆணிக் குமிழ், ஓரப்பட்டை, மீட்டும் இடத்துப் பாதுகாப்புத் தகடு ஆகியவை சிதையத் தொடங்கினால் அமில ஆவி வெளியிட்டு அருகிலுள்ள உலோகத்தைப் பச்சையாக அரிக்கும். நொறுங்கும் தகட்டை உடனே கழற்றித் தனியே வைக்க வேண்டும்.

9. இப்போது ஒலியைக் கேளுங்கள்

எல்லா மெட்டிலும் ஒவ்வொரு சுரமாக வாசித்து அடைபடும் அல்லது கரகரக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்களுடன் வந்தவரை வாசிக்கச் சொல்லி மூன்றடி தள்ளி நின்று கேளுங்கள். மேண்டலினின் ஒலி முன்னோக்கிப் போவதால் வாசிப்பவருக்கு முழுமையாகக் கேட்காது.

10. விலை

கருவியின் விலை, செப்பனிடும் செலவு, புதுத் தந்தி ஆகிய மூன்றும் சேர்ந்து, அதே தரத்தில் ஒரு புதுக் கருவியின் விலையைத் தாண்டக் கூடாது. செப்பனிடும் செலவை ஊகிக்காமல், எடுத்த படங்களையும் அளவுகளையும் செப்பனிடுபவருக்கு அனுப்பித் தொகை கேட்டபிறகே பேரம் பேசுங்கள். இதுபோன்ற கருவி வெளிநாட்டில் ஆயிரம் வெள்ளிக்குப் போனது என்று விற்பவர் காட்டும் படம், உங்கள் கையில் உள்ள கருவியின் கழுத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

கடையில் வாங்கினால் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள 'லெமன் லா' என்ற, குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் சட்டம் பழைய பொருளுக்கும் ஓரளவு பாதுகாப்புத் தரும். தனிநபரிடம் வாங்குவதற்கு அது பொருந்தாது. ஆகவே சோதனை முடியும்வரை பேநவ் மூலம் முன்பணம் அனுப்பாதீர்கள்.

11. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால்

நேரில் அளக்க முடியாது என்பதால், ஐந்தாம் படியின் அளவுகளை அளவுகோல் தெரியும்படி படமெடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். பொருளின் விலை, அனுப்பும் செலவு, காப்புறுதி மூன்றும் சேர்ந்த மதிப்பு 400 வெள்ளியைத் தாண்டினால் இங்கு வந்திறங்கும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு. 600 வெள்ளிக் கருவிக்கு அனுப்பும் செலவு 120 என்றால் வரி 64.80 வெள்ளி. பலர் 600-க்கு மட்டும் கணக்கிட்டுவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள்.

மரத்தையும் விசாரியுங்கள். பிரேசில் நாட்டு ரோஸ்வுட் 1992 முதல் அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ளது. மற்ற ரோஸ்வுட் வகைகளில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 இறுதியில் கிடைத்த விலக்கு இதற்குக் கிடையாது. பழைய இத்தாலியக் கருவிகளில் உண்மையான ஆமையோடும் தந்தமும் பதித்திருப்பார்கள். அனுமதி பற்றித் தேசியப் பூங்காக் கழகத்திடம் பணம் கட்டுமுன் கேட்க வேண்டும். யானைத் தந்தப் பொருள்களை இங்கே விற்பது 2021 செப்டம்பர் 1 முதல் தடை செய்யப்பட்டிருப்பதால், அத்தகைய கருவியைப் பின்னாளில் கைமாற்ற முடியுமா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

12. வீட்டில் முதல் மாதம்

குளிர்நாட்டின் உலர்ந்த அறையிலிருந்து வந்த கருவியைப் பெட்டியைத் திறக்காமல் ஒரு நாள் அப்படியே வையுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. மரம் அதை உறிஞ்சி முகப்பலகை உப்பும், தந்தி உயரமும் கூடும். முதல் வாரத்தில் உயரம் ஏறியதைக் கண்டு குதிரையைத் தேய்த்துவிடாதீர்கள். மரம் நிலைபெற்றபின் தேய்த்த இடம் திரும்பி வராது.

புகைப்படக் கருவிகளுக்கான, ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் ட்ரை கேபினெட்டில் வைப்பது நல்ல வழி, ஆனால் அதை லென்சுக்கு வைப்பதுபோல் 40 விழுக்காட்டில் வைக்காதீர்கள். இங்கேயே பல ஆண்டுகள் இருந்த கருவியை முதலில் 65-இல் வைத்து, வாரத்துக்கு ஐந்தாகக் குறைத்து, 50 முதல் 55-இல் நிறுத்துங்கள். ஒரே இரவில் உலர்த்தினால் முகப்பலகை பிளக்கும். இரவில் குளிரூட்டி, பகலில் திறந்த சன்னல் என்று மாறிமாறி இருக்கும் படுக்கையறைச் சுவரில் மாட்டுவது எல்லாவற்றிலும் மோசம்.

தந்தியும் மெல்லியதாகவே தொடங்கட்டும். செதுக்கிய முகப்புள்ள உறுதியான கருவிக்கு 0.010 அங்குலத்தில் தொடங்கும் கட்டு, குடமுதுகுக்கு 0.009 அல்லது அதனினும் மெல்லியது. எட்டையும் ஒரேயடியாகக் கழற்றினால் குதிரை விழுந்து அதன் இடம் தெரியாமல் போகும். பென்சிலால் குதிரையின் காலடியில் மெல்லிய குறியிட்டு, ஒவ்வொன்றாக மாற்றுங்கள். முதல் நாள் ஒரு முழுச் சுரம் தாழ்த்தியே சேர்த்து, மறுநாள் முழுச் சுருதிக்கு ஏற்றி, பன்னிரண்டாம் மெட்டின் உயரத்தை அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். நான்கு வாரம் கழித்து அதே இடத்தில் மீண்டும் அளக்கும்போது அரை மில்லிமீட்டருக்கு மேல் கூடியிருந்தால், தந்திகளைத் தளர்த்திவிட்டுக் கருவியைச் செப்பனிடுபவரிடம் கொண்டுபோங்கள்.